காட்டிக் கொடுத்த அக்கா

பெரிய ஆஸ்பத்திரிக்கு யார் போன் செய்தாலும் முதலில் கேட்பது அவள் குரல்தான். "வணக்கம், பெரிய ஆஸ்பத்திரி, யாரோட பேசணும்?" பதினைந்து வருஷமாக இதே கேள்வி. எக்ஸ்சேஞ்ச் அறை கட்டடத்தின் அடித்தளத்தில், துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் அறைக்குப் பின்னால் இருந்தது. ஒரே ஜன்னல், அதுவும் மேல்கூரையை ஒட்டி. அதன் வழியாகத் தெரிவது வாசலில் போகிறவர்களின் கணுக்காலும் செருப்பும் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் 'எக்ஸ்சேஞ்ச் அக்கா'. அவள் முகம் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு நாள் கேன்டீனில் டீக்கு நிற்கும்போது முன்னால் நின்ற அறுவை சிகிச்சை டாக்டரிடம், "சார், கொஞ்சம் நகருங்க" என்றாள். மனுஷன் திடுக்கிட்டுத் திரும்பி, "யாரு லைன்ல?" என்று கேட்டுவிட்டார். ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

காது அப்படியொரு காது அவளுக்கு. எதிர்முனையில் ஒருவர் மூச்சை இழுக்கும் விதத்திலேயே பிரசவ வார்டா, எலும்பு முறிவா, மருந்துக் கடையோடு சண்டையா என்று சொல்லிவிடுவாள்.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும்தான். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அப்பா லாரி ஓட்டப் போனவர், ஏதோ ஒரு ஊரில் இன்னொரு குடும்பமாகி, அங்கேயே தங்கிவிட்டார். அம்மா அதே ஆஸ்பத்திரியில் சிறுநீரகக் கோளாறில் போய்ச் சேர்ந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு ஏழு. அம்மா ஏழு மாதம் படுத்திருந்ததில் மூத்த நர்ஸ் ஒருவருக்கு இவளைத் தெரிந்து போனது. அவர்தான் எக்ஸ்சேஞ்சில் உட்கார வைத்தார்.

தம்பி ஆள் சிறிசு, சுண்டெலி மாதிரி. அதனால் சுண்டு. அவன் பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டையில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். இருபத்தாறு வயதில் ஒரு நல்ல வரன் வந்தது, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர். "தம்பியை ஹாஸ்டல்ல சேர்த்துடலாமே" என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார். "நீங்களும் அவன்கூடவே சேர்ந்துடுங்க, துணைக்கு ஆள் இருக்கும்" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

சுண்டு வாய் ஓயாதவன். வேலையிலிருந்து வந்ததும் தரையில் மல்லாந்து படுத்து, காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு, அன்று நடந்ததை எல்லாம் ஒப்பிப்பான். எல்லாம் "அது வந்துக்கா..." என்றுதான் தொடங்கும். பாதியில் வேறு கதைக்குத் தாவும், அதுவும் பாதியில் நிற்கும். "முடிச்சுத் தொலையேன்டா" என்று அவள் அடுப்பங்கரையிலிருந்து கத்துவாள். தொழிற்பள்ளியில் ஏ.சி. மெக்கானிக் படித்து, நல்ல கம்பெனியில் வேலையும் கிடைத்திருந்தது. பெரிய பெரிய கட்டடங்களின் கூரைச் சந்துக்குள் எலி மாதிரி புகுந்து வருவான். அதில் அவனுக்கு ஒரே பெருமை.

அவனுக்கு இருபது வயதானபோது ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது. முப்பத்தொரு பேர் செத்தார்கள். அன்றைக்கு அவள் ஒன்பது மணி நேரம் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. "லைன்ல இருங்க, பார்த்துச் சொல்றேன்." எத்தனை தடவை சொன்னாளோ. ஒருத்தர் நாற்பது நிமிஷம் லைனிலேயே இருந்தார். மஞ்சள் கோட்டுப் போட்ட பெண் பிள்ளை, பதினேழு வயது, வந்திருக்கிறாளா என்று கேட்டார். கத்தவில்லை, அழவில்லை, இடையிடையே "இருக்கேம்மா" என்று மட்டும் சொன்னார். பட்டியல் கீழே வந்தபோது கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் இருந்தாள். சாவைச் சொல்லும் உரிமை எக்ஸ்சேஞ்சுக்குக் கிடையாது. அவரை டாக்டருக்கு மாற்றிவிட்டாள். அந்த "இருக்கேம்மா" அவள் காதை விட்டுப் போகவே இல்லை.

குண்டு வைத்தவர்கள் இவர்கள் இனத்து ஆட்கள். வேறு எந்தச் சம்பந்தமும் இல்லை, பேச்சும் சாயலும் ஒன்று, அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை சுண்டு வேலைக்குப் போகும் வழியில் போலீஸ் நிறுத்தியது. பையில் ஸ்க்ரூடிரைவர், செம்புக் குழாய், சின்ன கேஸ் சிலிண்டர். மெக்கானிக்கின் பையில் வேறு என்ன இருக்கும்? பையை ரோட்டில் கொட்டி, அவனை மண்டி போட வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம். அவன் ஏ.சி. பழுது பார்க்கப் போக வேண்டிய ஆபீஸ் எதிரே இருந்தது. அந்த ஆபீஸ்காரர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். கடைசியில் "போ" என்றார்கள். தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த மாதமே கம்பெனி அவனை வெளிவேலைக்கு அனுப்புவதை நிறுத்தி ஸ்டோரில் உட்கார வைத்தது. "வாடிக்கையாளருங்க பயப்படறாங்கப்பா" என்றார் மேனேஜர், ரொம்பவும் பிரியமாக. இரண்டு மாதத்தில் சுண்டு வேலையை விட்டான்.

மண்டி போட்ட அன்று அவள் அவன் முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போட்டாள். "விடுடா, பெருசு பண்ணாத" என்றாள். பின்னாட்களில் அவள் தன்னைத் தானே அதிகம் நொந்துகொண்டது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

பெருசு பண்ண ஒரு ஆள் கிடைத்தார். நாலு தெரு தள்ளி உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தவர். எல்லாரும் 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். சுண்டுவின் ஒன்றரை மணி நேரத்தை முழுசாக உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் அவர்தான். ஒரு தடவை வீட்டுக்கு போன் செய்தார். "உங்க தம்பி தங்கமான பையன்ம்மா. இந்த ஊரு அவனைப் புரிஞ்சுக்கல." குரலில் அப்படியொரு கனிவு. அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அவனைக் கொஞ்சம் பாத்துக்கங்க சார்" என்று கேட்டுக்கொண்டாள். மூச்சை வைத்து நோயைச் சொல்கிற காது, அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

மெல்ல மெல்ல "அது வந்துக்கா" காணாமல் போனது. அவன் வாக்கியங்களை முடிக்க ஆரம்பித்தான். அதுதான் அவளை முதலில் பயமுறுத்தியது.

"நம்மள மனுஷனா மதிக்காதவங்ககிட்ட நாம எதுக்கு மனுஷத்தனம் காட்டணும்?" என்றான் ஒரு நாள், தட்டிலிருந்து தலை நிமிராமல்.

"இது யார் சொன்னது?"

"நான் சொல்றேன்."

"நீ இப்படிப் பேச மாட்டியேடா. எங்கயாவது எழுதி வெச்சுப் படிக்கறியா?"

சிரிப்பான் என்று நினைத்தாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். இன்னொரு நாள் ரயில் நிலையத்துப் பேச்சு வந்தது. "அங்க செத்தவங்க யாரும் எனக்காக வாயைத் திறக்கலையே" என்றான். அவளுக்கு மஞ்சள் கோட்டு ஞாபகம் வந்தது. பதினேழு வயதுப் பெண் எதற்காக, யாரிடம் வாயைத் திறந்திருக்க வேண்டும்? கேட்க நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

ஒருத்தருக்கும் தெரியாமல் அவள் மூன்று இடங்களுக்குப் போனாள். தொழிற்பள்ளி வாத்தியார், "வயசு அப்படி. ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை, சரியாயிடும்" என்றார். ஆஸ்பத்திரி மனநல டாக்டர் நல்லவர்தான். "அவனா வரணும்மா. வராத ஆளுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று கையை விரித்தார். மூன்றாவது போலீஸ் ஸ்டேஷன். அங்கே எழுத்துவேலை பார்ப்பவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"என்ன செஞ்சான்?"

"இன்னும் ஒண்ணும் செய்யலங்க."

"அப்புறம் நான் என்னத்த எழுத?" பேனாவை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்தி, உதவி செய்கிற தோரணையில், "பேரையும் விலாசத்தையும் குடுங்க. தூக்கிட்டு வந்து நாலு தட்டு தட்டி அனுப்பறோம். ஜென்மத்துக்கும் வாலாட்ட மாட்டான்" என்றார்.

அவள் விழுந்தடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது தோன்றியது: அவன் ஒன்றும் செய்யாத வரை யாருக்கும் அவன் வேண்டாம். செய்துவிட்டால் நாடே அவனைத் தேடும். இரண்டுக்கும் நடுவில் போக ஓர் இடம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணி துவைக்கும்போது அவன் பேன்ட் பையில் மடித்த காகிதம் இருந்தது. பிரித்தாள். பொருட்காட்சி மண்டபத்தின் வரைபடம். காற்றுக் குழாய்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று அவன் கையெழுத்தில் அம்புக்குறிகள். ஓரத்தில் ஒரு தேதி. அந்த வாரம் அங்கே பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சி என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். குழாயை மூட மறந்து அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். வாளி நிரம்பி வழிந்தது.

மத்தியானம் சாப்பிட வந்தவன் முன்னால் காகிதத்தை வைத்தாள்.

"என்னடா இது?"

"வேலை விஷயம்."

"நீதான் வேலையில இல்லையே."

அவன் காகிதத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்தான். பிறகு, ஒரு வருஷமாகக் கேட்காத அவனுடைய சொந்தக் குரலில் சொன்னான்: "அக்கா, அந்த வாரம் நீ லீவு போட்டுடு. எக்ஸ்சேஞ்ச்ல உக்காராத. எங்கயாவது வெளியூர் போயிட்டு வா."

அவன் மேல் அவளுக்கு இருந்த பாசம் அந்த நொடியில் குறையவில்லை. அதுதான் கொடுமை. எத்தனை போன் வரும், யார் யார் லைனில் நிற்பார்கள் என்பதுவரை யோசித்து, அதிலிருந்து அக்காவை மட்டும் காப்பாற்றப் பார்க்கிறான்.

மறுநாள் காலை எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்ததும் ஒரு நம்பரைச் சுழற்றினாள். ரயில் நிலையம் வெடித்த சமயத்தில் தினமும் காயம்பட்டவர்களின் பட்டியல் கேட்டு ஒரு பெண் இன்ஸ்பெக்டர் பேசுவார். பட்டியலை வாங்கிய பிறகு, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். வேறு யாரும் கேட்டதில்லை. அந்தக் குரலை மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் சாதாரண உடையில் வந்தார். படுக்கை விரிப்பு அறையில், அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினார்கள். யாரோடு சேருகிறான், எங்கே போகிறான் என்று கேட்பார் என எதிர்பார்த்தாள். அவர் முதலில் கேட்டது, "அவன் எப்படிப்பட்டவன்? சொல்லுங்க" என்று. அரை மணி நேரம் சொன்னாள். சுவரில் கால் வைத்துப் படுப்பது, பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடுவது, முட்டையில் மஞ்சள் கருவைக் கடைசிக்கு வைத்துச் சாப்பிடுவது, ரோட்டில் மண்டி போட்டது, எல்லாம். காகிதத்தைப் பற்றிச் சொல்லக் கடைசியில்தான் வாய் வந்தது.

"இன்னைக்குப் பிடிச்சா அவன் கையில ரத்தம் இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அடிக்க மாட்டீங்கல்ல?"

"என் கண்ணு முன்னாடி அடிக்க விட மாட்டேன். என் கண்ணு எல்லா நேரமும் அங்க இருக்காது. அதையும் உங்ககிட்ட மறைக்கல."

பொய்யாக ஆறுதல் சொல்லியிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். இந்தப் பதிலுக்காகத்தான் மாஸ்டர் பெயரையும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். வேலைக்குப் போய்விடச் சொல்லியும் அவள் போகவில்லை, வீட்டிலேயே இருந்தாள். அவன் ஒரு காலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். கதவு திறந்ததும் போலீஸைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

"அக்கா, நீயா?"

ஒற்றை ஷூவோடு அவனைக் கூட்டிப் போனார்கள். அவள் இன்னொரு ஷூவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே மூன்று மாடி இறங்கி ஓடினாள். வண்டி கிளம்பிவிட்டது.

உடற்பயிற்சிக் கூடத்தின் அடியறையில் எல்லாம் தயாராக இருந்ததாம். மாஸ்டரும் மூன்று பேரும் சிக்கினார்கள். மாஸ்டருக்கு ஆயுள். சுண்டு முதல் நாலு மாதம் வாயைத் திறக்கவில்லை, பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அவனுக்கு ஏழு வருஷம்.

அவளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு பட்டம் கிடைத்தது. சொந்த ஆட்களுக்கு அவள் 'காட்டிக் கொடுத்தவள்'. மற்றவர்களுக்கு 'குண்டு வைக்க இருந்தவனின் அக்கா'. கீழ் வீட்டு அம்மா படியில் எதிரே வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். கேன்டீனில் அவள் உட்கார்ந்த மேஜையில் மற்ற நாற்காலிகள் காலியாகவே இருந்தன. போனில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. யாருடைய அக்கா என்று குரலில் தெரியாதே.

சிறை, பஸ்ஸில் இரண்டு மணி நேரம். மாதத்தின் முதல் சனிக்கிழமை பார்க்கும் நாள். வாசலில் அடையாள அட்டையைக் கொடுப்பாள். காவலர் உள்ளே போய்விட்டு வருவார். "பார்க்க விருப்பம் இல்லையாம்மா." முதல் தடவை சொன்னபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பத்தாவது தடவை, சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமினார். பார்க்க அனுமதித்த நேரம் அரை மணி. அந்த அரை மணியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்புவாள். அவளுக்குச் சேர வேண்டிய நேரம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ அவன் இருக்கிறான், இந்தப் பக்கம் அவள் இருக்கிறாள். அதை ஏன் விட வேண்டும்?

வீட்டில்தான் தாங்க முடியவில்லை. சமைக்கும்போது காது பின்னால் போய்விடும். யாரோ பாதிக் கதை சொல்லிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். முடித்துத் தொலையேன் என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறாள்! இப்போது ஒரு கதையும் முடிய வேண்டாம், ஆரம்பித்தால் போதும். எக்ஸ்சேஞ்சில் தலைக்கு மேல் ஜன்னலில் செருப்புகள் போகும். ஷூவின் குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தால் கண் அங்கேயே நிற்கும். அவனுக்கு அப்படித்தான் தேயும். சிறையில் இருப்பவன் வாசலில் எப்படி நடப்பான் என்று புத்திக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது வருஷம் அரசாங்கம் ஒரு குழு போட்டது. பயங்கரவாதத்தை அடக்கப் புதுச் சட்டம் கொண்டு வருவதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். இன்ஸ்பெக்டர் அவள் பெயரைக் கொடுத்திருந்தார். நகராட்சி மண்டபத்தில் நீள மேஜை, ஏழு பேர், எல்லார் முன்னாலும் தண்ணீர் பாட்டில். கூட்டத்தில் நூறு பேர் இருக்கும்.

நடுவில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "சட்டம் கடுமையா இருக்கணுமா, வேண்டாமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எனக்குச் சட்டம் தெரியாதுங்க. போன் எடுக்கத்தான் தெரியும்" என்றாள். யாரோ சிரித்தார்கள். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மாஸ்டர் மாதிரி ஆளை எவ்வளவு கடுமையா வேணும்னாலும் பிடிங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா என் தம்பியை ரோட்டுல ஒன்றரை மணி நேரம் மண்டி போட வெச்சீங்களே, மாஸ்டர் ஒரு வருஷம் பாடுபட வேண்டிய வேலையை அன்னைக்கு நீங்களே முடிச்சுக் குடுத்தீங்க. அதுக்காக அவன் செய்யப் போனது சரின்னு நான் சொல்ல வரல. அப்படி மண்டி போட்டவங்க எத்தனையோ பேர் வீட்டுக்குப் போய் சாப்பிட்டுப் படுத்தாங்க. அவன் பண்ணினது அவன் பண்ணினதுதான்."

கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

"அவன் மாறினது யாருக்கு முதல்ல தெரிஞ்சுது? உங்களுக்கா? எனக்குத்தான். வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். தெரிஞ்சு நான் எங்க போறது? ஒருத்தர் கல்யாணம் பண்ணி வைங்கறார், ஒருத்தர் அவனா வரணுங்கறார், ஒருத்தர் நாலு தட்டு தட்டறேங்கறார். எங்களை மாதிரி ஆளுங்க தட்டறதுக்கு ஒரு கதவு வேணும். பின்னாடி போலீஸ் இருக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா முதல்ல கதவைத் திறக்கறவர் கையில விலங்கோட நிக்கக் கூடாது. அவனைப் பிடிக்கறதுக்குப் பத்து மாசம் முன்னாடி அப்படி ஒரு கதவு இருந்திருந்தா, என் தம்பி இன்னைக்கு வீட்டுல இருந்திருப்பான்."

வேகமாக நடந்து வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் ஒருவர் பின்னாலேயே வந்தார். பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவராம். ஐம்பது வயசிருக்கும், கையில் எழுதி வந்த காகிதம். அவரும் குழு முன் பேச வந்திருந்தார். "அம்மா," என்றார். அவள் நின்றுவிட்டாள். முகத்தைப் பார்த்ததே இல்லை, ஆனால் அந்த 'அம்மா'வை ஆயிரம் குரல்களுக்கு நடுவில் வைத்தாலும் தெரியும்.

"மஞ்சள் கோட்டு" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். "நீங்க உள்ள பேசினப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்."

"அன்னைக்கு உங்களை டாக்டருக்கு மாத்தி விட்டேனே, எனக்கு அப்பவே தெரியும் சார். சொல்லக் கூடாதுன்னு சட்டம்."

"உங்க குரல்லயே தெரிஞ்சு போச்சும்மா. டாக்டர் புதுசா ஒண்ணும் சொல்லல." கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "இவனுங்க எல்லாரையும் தூக்குல போடணும்னு சொல்லத்தான் எழுதிட்டு வந்தேன். உங்க தம்பியை நான் மன்னிக்கல. அதை எதிர்பார்க்காதீங்க. ஆனா என் பொண்ணைக் கொன்னவனுக்கும் வீட்டுல யாராவது இருந்திருப்பாங்க. அவங்க எந்தக் கதவைத் தட்டினாங்களோ. இத்தனை நாள் இது எனக்குத் தோணவே இல்ல."

உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். போனார். என்ன பேசினார் என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை, கிளம்பிவிட்டாள்.

சட்டம் வந்தது. கடுமையான பிரிவுகள் நிறைய. கடைசியில், ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு சின்ன ஏற்பாடு: வீட்டில் ஒருவரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பேசுவதற்கு மூன்று ஊர்களில் ஒரு போன் லைன். எடுப்பதற்கு ஆள் கேட்டபோது அவள் வாரத்தில் இரண்டு நாள் ஒப்புக்கொண்டாள். பெயரைக் கேட்க மாட்டாள். "சொல்லுங்க, அவன் எப்படிப்பட்டவன்?" என்று மட்டும் கேட்பாள். சிலர் அரை மணி பேசுவார்கள். சிலர் மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். ஓர் அப்பா மூன்று மாதம் தொடர்ந்து பேசினார். அவர் மகளை ஓர் ஆலோசகர் வாராவாரம் போய்ப் பார்த்து, படிப்பில் திரும்பச் சேர்த்துவிட்டார். இன்னொரு வீட்டில் எதுவும் பலிக்கவில்லை. பையன் எல்லை தாண்டிப் போயே விட்டான். ஒரு தடவை மேலதிகாரி ஒருவர், போலீஸ் வராது என்று கொடுத்த வாக்கை மீறி, நம்பரை வைத்துக் கண்டுபிடித்து, பேசியவரின் வீட்டுக்கு ஜீப்பை அனுப்பிவிட்டார். அவள் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, இன்ஸ்பெக்டர் வந்து மன்றாடி, திரும்ப உட்கார்ந்தாள். அந்த மாதம் முழுக்க அந்த லைனுக்கு யாருமே பேசவில்லை.

இருபத்தேழாவது சனிக்கிழமை காவலர் தொண்டையைச் செருமவில்லை. "உள்ள வாங்கம்மா" என்றார்.

சுண்டு மெலிந்திருந்தான். தாடையில் எலும்பு தெரிந்தது. நடுவில் ஒரு மேஜை.

"ஒவ்வொரு மாசமும் வந்தியாமே. வாசல் காவலர் சொன்னார்."

"வந்தேன்."

"ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்."

"நிறுத்தியிருப்பியா?"

அவன் வெகு நேரம் யோசித்தான். யோசித்துச் சொன்னதுதான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. "தெரியல" என்றான். பிறகு, "இங்க வாரத்துக்கு ஒரு தடவை ஒருத்தர் வந்து பேசறார். அந்த வாரம் அந்த மண்டபத்துக்குப் போன பிள்ளைங்க போட்டோ ஒண்ணைக் காட்டினார். வரிசையா நிக்கறாங்க. ஒரு பொடியன் மூக்கை நோண்டிக்கிட்டு நிக்கறான். எனக்கு அதுக்கு மேல பாக்க முடியல" என்றான். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். அவள் கையை நீட்டினாள். தொடக் கூடாது என்று காவலர் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் சுண்டுதான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டான்.

ஐந்தரை வருஷத்தில் வெளியே விட்டார்கள். பழைய ஊரில் இருக்கக் கூடாது என்று நிபந்தனை. வேறு ஊரில் காய்கறி சேமிக்கும் குளிர்பதனக் கிடங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்குள் அந்த ஊர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். பகலில் அக்காவைப் பார்த்து வர மட்டும் அனுமதி.

அவன் அறையைப் பெருக்கி, மெத்தையை வெயிலில் போட்டு, புதுத் தலையணை உறை போட்டு வைத்தாள். முதல் தடவை வந்தபோது நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான், விருந்தாளி மாதிரி. "நல்லாருக்குக்கா" என்று சாப்பாட்டைப் புகழ்ந்தான். சொந்தத் தம்பி சாப்பாட்டைப் புகழ்வது எவ்வளவு தூரத்துப் பேச்சு! கிளம்பும்போது, "முடிஞ்சா அடுத்த மாசம் வரேன்" என்றான். முடியவில்லை போலிருக்கிறது. நாலு மாதம் கழித்துத்தான் வந்தான்.

வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஜலதோஷம். கிடங்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "கொஞ்சம் படுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். தன் வீட்டில் படுக்க அனுமதி கேட்கிறானே என்று அவளுக்குச் சுருக்கென்றது. "படுடா" என்றாள்.

அவனிடம் சொல்லவும் கேட்கவும் எவ்வளவோ வைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவன் பதினொரு மணிக்குப் படுத்தவன் அசையவே இல்லை. அவள் சமைத்து மூடி வைத்துவிட்டு, சத்தம் வராமல் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். மூக்கடைப்பால் வாயைத் திறந்து தூங்கினான். நெற்றி ஓரத்தில் இரண்டு நரைமுடி. இருபத்தேழு வயதுக்கு அது அதிகம். இன்னும் கோபம் இருக்கிறதா, அவன் எப்போதாவது இந்த வீட்டுக்கே வந்துவிடுவானா, எதுவும் தெரியாது. ஆனால் அவன் மூச்சுச் சத்தம் அறைக்குள் இருந்தது. அதை அவள் ஏறக்குறைய ஆறு வருஷமாகக் கேட்கவில்லை.

மூன்று மணி ஆனது. மூன்றரைக்கு பஸ். அதை விட்டால் ஆறு மணிக்குள் போய்ச் சேர முடியாது, கையெழுத்துத் தவறினால் மறுபடி உள்ளே. தூங்கட்டும் என்று மனசு கெஞ்சியது. பத்து நிமிஷம் வரை பார்த்தாள்.

பிறகு எழுந்து, அவன் தோளில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை.

"எழுந்திருடா சுண்டு. பஸ் போயிடும்."